உப்புக் காற்றில் ஒரு கேமிங் கணினி

பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கேமிங் கணினி பூட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் யூடியூப் காணொளியைப் பார்த்தோ, சென்னை ரிச்சி தெருக் கடைகளின் விலைப்பட்டியலைப் பார்த்தோ முடிவெடுக்கிறார்கள். அந்தப் பட்டியல்களில் தவறில்லை. ஆனால் கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே குடியிருப்பவரை மனத்தில் வைத்து அவை எழுதப்படவில்லை. தூத்துக்குடியில், குறிப்பாக வ.உ.சி. துறைமுகத்தை ஒட்டியும் திரேஸ்புரம், முத்தையாபுரம் பக்கமும் இருப்பவர்கள் அதே பணத்தைச் சற்று வேறு விதமாகப் பிரித்துச் செலவிட வேண்டும்.

காரணத்தை முதலில் பார்ப்போம். காற்றில் மிதக்கும் நுண்ணிய உப்பு, ஃபேன் இழுக்கும் காற்றோடு கேபினெட்டுக்குள் போய்ப் படிகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதியும், துறைமுகத்துக்கு அருகில் நிலக்கரித் தூசியும் அதோடு சேர்கின்றன. காய்ந்த உப்பால் பெரிய கேடு இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் நடப்பதும் இதுதான். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

கணினி ஓடும்போது உள்ளே சூடு இருக்கும். அதனால் அங்கே ஈரப்பதம் குறைந்துவிடும். அணைத்த பிறகு, இரவு முழுக்க வெளிக்காற்றின் ஈரம் அப்படியே உள்ளே நிற்கும். எனவே இந்த ஊரில் உப்பின் அரிப்பு பெரும்பாலும் விளையாடும் நேரத்தில் நடப்பதில்லை, கணினி சும்மா கிடக்கும் நேரத்தில்தான் நடக்கிறது. ‘அடிக்கடி போட்டால் கெட்டுவிடும்’ என்று பிள்ளைகளிடமிருந்து கணினியைப் பூட்டி வைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிகுறிகள் மெதுவாக வரும். காலையில் முதல் முறை பட்டனை அழுத்தினால் திரையில் ஒன்றும் வராது. இரண்டு மூன்று முறை அழுத்தியதும் வரும். 16 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்) போட்டிருப்பீர்கள், 8 ஜிபி மட்டும் தெரியும். கேபினெட் திருகுகளின் தலையில் வெண்பொடி பூக்கும், யுஎஸ்பி துளைகளின் விளிம்பில் செந்துரு தெரியும், கூலரின் செம்புக் குழாயில் பச்சை படரும். இவற்றைப் பார்த்ததும் மதர்போர்டு போய்விட்டதென்று பதற வேண்டாம். பல நேரம் கோளாறு ரேமின் தொடுமுனைகளில்தான் இருக்கும். ரேமைக் கழற்றி விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். தங்க நிறப் பற்களின் வரிசையில் ஒன்றிரண்டு மட்டும் மங்கியோ, கரும்புள்ளி விழுந்தோ இருக்கும். பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்ப்பது நம் ஊரில் பரவலான கைமருந்து. அதைச் செய்யாதீர்கள். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. தேயத் தேய அடியிலுள்ள உலோகம் வெளிப்பட்டு, அடுத்த மழைக்கு இன்னும் வேகமாக அரிக்கும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் (விரைவில் ஆவியாகும் துப்புரவுத் திரவம்) நனைத்த, நூல் உதிராத துணியால் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மாட்டினால் போதும்.

இனிப் பாகங்களுக்கு வருவோம். நடுத்தர பட்ஜெட்டில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு (வரைகலை அட்டை) மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஒதுக்குவது சரி. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 ஏறத்தாழ 145 வாட் எடுக்கும், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட் எடுக்கும். 35 பாகை வெயிலில் ஏசி இல்லாத அறையில் இந்த அளவோடு நிற்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், 16 ஜிபி நினைவகம் உள்ளதைச் சொல்வேன். புதிய விளையாட்டுகளுக்கு 8 ஜிபி விரைவில் பற்றாமல் போகிறது. பிராசஸருக்கு (மையச் செயலி) ரைசன் 5 7600 போன்ற 65 வாட் வகை போதும். அதன் ஏஎம்5 சாக்கெட்டில் பின்னாளில் புதிய பிராசஸரையும் மாட்டலாம். பழைய பொருள் சந்தையில் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மலிவாகக் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். அவற்றில் பல மாடல்களில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததை அந்த நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. திருத்தம் போடுவதற்கு முன்பே தேய்ந்துபோனதை எதுவும் மீட்காது.

தண்ணீரால் குளிரூட்டும் கூலர் இந்த அளவுக்குத் தேவையில்லை. நிக்கல் பூச்சுள்ள குழாய்களோடு வரும் சாதாரண டவர் கூலர் நல்லது. பூச்சில்லாத செம்பு இங்கே சீக்கிரம் பச்சை பிடிக்கும். ரேமின் விலை 2025 இறுதியில் கடுமையாக ஏறியிருப்பதால், 32 ஜிபிக்குக் கை எட்டாவிட்டால் 8 ஜிபி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேமிப்புக்கு 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று போதும்.

பலர் பணத்தை மிச்சம் பிடிப்பது கேபினெட்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும்தான் (மின் வழங்கி). இங்கே அது கூடாது. கேபினெட்டின் முன்பக்கம் கம்பிவலையாக இருக்கட்டும். அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய நுண்வலை வடிகட்டி இருக்கட்டும். உள்ளே காற்றை இழுக்க இரண்டு ஃபேன், வெளியே தள்ள ஒன்று என்று வைத்தால், வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். சூடு தணியட்டும் என்று பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் போடுவது, உப்புக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும்.

மேலே சொன்ன பாகங்கள் எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் ஏறத்தாழ 300 வாட் எடுக்கும். 550 அல்லது 650 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். பெட்டியில் உள்ள ‘80 பிளஸ்’ முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதை மட்டுமே சொல்லும், தரத்துக்குச் சான்றல்ல. 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருப்பதையும், ஐந்தாண்டுக்குக் குறையாத உத்தரவாதம் உள்ளதையும் வாங்குங்கள். யுபிஎஸ்ஸில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தரும். மானிட்டரையும் சேர்த்தால் அது விளிம்பில் நிற்கும். 1000 விஏக்குக் குறையாமல், முடிந்தால் சைன் அலை (வீட்டு மின்சாரத்தைப் போலச் சீரான அலை) தரும் வகையாக எடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் விறுவிறுவென்று இருக்கிறதா? எர்த் (புவி இணைப்பு) சரியில்லை என்று பொருள். உப்பு மண்ணில் புதைத்த எர்த் குழாய் சீக்கிரம் அரித்துப்போகும். இதற்குச் சிலர் பிளக் பெட்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால், கேபினெட்டின் இரும்பு முழுவதும் 230 வோல்ட் ஏறும். உயிர் போகும் காரியம் இது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளந்து, தேவையானால் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கணினி வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

பூட்டிய பிறகு, தினமும் ஒரு மணி நேரமாவது கணினியை ஓட விடுங்கள். மாதக்கணக்கில் ஊரில் இருக்கமாட்டீர்கள் என்றால், தடித்த பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) பொட்டலங்களோடு காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். அதே பொட்டலங்களை ஓடும் கணினிக்குள் போடுவதால் பயனில்லை. வந்துபோகும் காற்றின் ஈரத்தை அவற்றால் சமாளிக்க முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மாதம் ஒரு முறையும் மற்ற காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும் புளோயரால் ஊதுங்கள், ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு. துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மதர்போர்டின் மேல் அடிக்காதீர்கள். அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி ஊறும்.

கணினியைத் தரையில் வைக்கவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதும், தூத்துக்குடி வீடுகளுக்குள் வெள்ளம் நின்றதும் நமக்கு நினைவிருக்கிறது. தண்ணீர் புகுந்துவிட்டால் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சுவிட்சைப் போடாதீர்கள். முதலில் வீட்டின் மெயினை அணையுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டின் சிறிய வட்ட பேட்டரியையும் கழற்றி, சர்வீஸ் கடைக்குக் கொண்டு போங்கள்.

கப்பலில் வேலை பார்க்கும் உறவினர் சிங்கப்பூரிலோ துபாயிலோ கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி வருவது நம் ஊரில் வழக்கம். பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும் என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். உள்ளூரில் வாங்கினாலும், துருவுக்கும் அரிப்புக்கும் உத்தரவாதம் இல்லை என்ற வரி விதிமுறையில் இருக்கிறதா என்று படியுங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதி வாங்கி, பில்லைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, காலிப் பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.