எல்லோர் கையும் சேர்ந்த பலம்

அமெரிக்காவில் டெக்சாஸ் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே மாட்டு மந்தைகள் அதிகம். 1867 முதல் அந்த மந்தைகளைக் கன்சாஸ் மாநிலத்து ரயிலடிக்கு ஓட்டிப் போனார்கள். நூற்றுக்கணக்கான மைல் தூரம். வெயில், மழை, ஆற்று வெள்ளம் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். குதிரை மேல் இருந்து மாடு ஓட்டியவர்களுக்குக் கௌபாய் என்று பெயர்.

கயிற்றைச் சுழற்றி வீசி மாட்டைப் பிடிப்பார்கள். இந்த வித்தையை மெக்சிகோ மாட்டுக்காரர்களிடம் கற்றார்கள். வேலைத் திறமை பிறகு போட்டி ஆனது. அதன் பெயர் ரோடியோ.

ரோடியோவில் புகழ் பெற்றவர் பில் பிக்கெட். இவர் 1870இல் டெக்சாஸில் பிறந்தார். கறுப்பினத்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். பிக்கெட் குதிரையிலிருந்து ஓடும் மாட்டின் மேல் பாய்வார். கொம்பைப் பிடித்துத் திருகிச் சாய்ப்பார். இன்றும் அது ரோடியோவில் ஒரு போட்டி. ஆனால் கறுப்பர் என்பதால் பல போட்டிகளில் அவரைச் சேர்க்கவில்லை. 1932இல் இறந்தார். 1971இல்தான் ரோடியோ வீரர்களின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

பழைய சினிமாவில் கௌபாய் என்றால் பெரும்பாலும் வெள்ளைக்காரர்தான். அவரே நாட்டின் வலிமைக்கு அடையாளம் என்று காட்டினார்கள். உண்மையில் மாடு ஓட்டிய கைகள் பல நிறம்.

நாட்டின் பலம் உழைப்பவர் எல்லோருடைய பலம். சிலர் பெயரை விட்டுவிட்டால் கணக்குச் சரியாக வருமா? கூடிப் பேசுங்கள்.