மொட்டை மாடியில் வியாழன்: கோள்களைப் படம் பிடிக்கச் சில பயனுள்ள குறிப்புகள்

வியாழனில் இருந்த ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறிவிட்டதை 2006 பிப்ரவரியில் முதலில் கண்டு சொன்னவர் கிறிஸ்டபர் கோ. தொழில்முறை விஞ்ஞானி அல்ல, பிலிப்பைன்ஸின் செபு நகரிலிருந்து ஆர்வத்தால் கோள்களைப் படம் பிடிப்பவர். செபுவும் நம் திண்டுக்கல்லும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அவருக்குக் கிடைக்கும் வானம்தான் நமக்கும். வீட்டில் 6 அல்லது 8 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது என்றால் இவற்றைக் கடைப்பிடித்துப் பாருங்கள்.

1. தெருவிளக்கு வெளிச்சத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். கோள்கள் பிரகாசமானவை, நகர நடுவிலிருந்தும் நன்றாக எடுக்கலாம். முக்கியமானது உயரம். கோள் தாழ்வாக இருந்தால் அதன் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வரவேண்டும், விளிம்பில் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரியும். 2019, 2020இல் வியாழன் தென்வானில் இருந்தபோது லண்டன்காரர்களுக்கு அடிவானத்திலிருந்து சுமார் 16 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. சென்னையில் 54 டிகிரி! கோள் உச்சிக்கு வரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் உள்ள பொழுதை விட்டுவிடாதீர்கள்.

2. கருவியைத் தூக்குவதற்கு முன் தலைக்கு மேலே உள்ள நட்சத்திரங்களைப் பாருங்கள். படபடவென்று மின்னினால் மேலே காற்று கலங்கியிருக்கிறது, அன்றைக்குப் படம் தேறாது. மழை விட்டுப் பளிச்சென்று இருக்கும் வானம் பல நேரம் ஏமாற்றிவிடும். மெல்லிய பனிமூட்டம் போட்ட மார்கழி விடியற்காலை மங்கலாகத் தெரிந்தாலும் காற்று அசையாமல் நிற்கும். கோள்களுக்கு அதுதான் நல்ல நேரம்.

3. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை அனலைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்த அனல் குழாயின் வாய்க்கு முன்னால் எழும்பினால் வியாழனின் பட்டைகள் நெளியும். விலை உயர்ந்த தொலைநோக்கியும் இதற்குத் தப்பாது. வெயில் சாய்ந்ததும் தளத்தில் நான்கைந்து வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். முடிந்தால் நள்ளிரவுக்குப் பிறகு தொடங்குங்கள். ஏ.சி.யின் வெளி யூனிட், சமையலறைப் புகைபோக்கி, பக்கத்து வீட்டுத் தகரக் கூரை இவற்றுக்கு நேர் மேலே கோள் நிற்கும்போது எடுக்காதீர்கள். மண் தரையோ புல்தரையோ உள்ள தோட்டம் இருந்தால் மாடியை மறந்துவிடலாம்.

4. தொலைநோக்கியை ஏ.சி. அறையில் வைக்கக் கூடாது. குளிர்ந்த கண்ணாடியை நம் ஊர்ப் புழுக்கத்தில் கொண்டுவந்து வைத்த அடுத்த நிமிடமே ஈரம் படிந்துவிடும். அப்படிப் படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும். சாதாரண அறையில் வைத்திருந்தாலும் படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

5. படியேற்றிக் கொண்டுவரும்போது கண்ணாடிகளின் ஒழுங்கு குலையும். ஒவ்வொரு முறையும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் வைத்து, ஃபோகஸைச் சற்றுக் கலைத்துப் பாருங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நடுமையத்தில் அமைந்தால் சரி. ஒரு பக்கமாக ஒதுங்கினால் திருகுகளைத் திருத்திக்கொள்ளுங்கள். கேமராவுக்கு இன்னும் செலவு செய்வதைவிட இந்தப் பத்து நிமிட வேலை அதிகப் பலன் தரும்.

6. ஐபீஸில் பொருத்தும் போன் ஹோல்டர் ஒன்று போதும், தொடங்கிவிடலாம். போட்டோ எடுக்காமல் வீடியோவாக எடுங்கள். பிறகு கோள்களுக்கென்றே வரும் சிறிய கேமரா வாங்கினால், அதன் பிக்சல் அளவு எத்தனை மைக்ரானோ அதை 5ஆல் பெருக்குங்கள், கிடைப்பதுதான் வேண்டிய எஃப் எண். 2.9 மைக்ரான் என்றால் ஏறக்குறைய எஃப்/15. எஃப்/8 தொலைநோக்கிக்கு இரு மடங்கு பார்லோ லென்ஸ் சரியாக இருக்கும். அதற்கு மேல் பெரிதாக்கினால் உருவம் மங்குமே தவிர விவரம் கூடாது.

7. காற்று எப்போதும் ஒரே மாதிரி கலங்குவதில்லை, இடையிடையே நொடியின் சிறு பகுதிக்கு அமைதியாகும். டேவிட் ஃப்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1978இல் இந்த நல்ல கணங்கள் எவ்வளவு அடிக்கடி வாய்க்கும் என்று கணக்கிட்டார். நாம் வீடியோ எடுப்பதே அவற்றைப் பொறுக்கத்தான். நொடிக்கு 100 பிரேம் வீதம் எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருளில் போட்டால் தெளிவான பிரேம்களை மட்டும் பிரித்து அடுக்கித் தரும். வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் வீடியோ இரண்டு, மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. செவ்வாய்க்கு நாலைந்து நிமிடம் கொடுக்கலாம். ஒவ்வொரு வீடியோவும் மூன்று, நான்கு ஜிபி இடம் பிடிக்கும், முன்கூட்டியே லேப்டாப்பில் இடம் ஒதுக்கி வையுங்கள்.

8. அடுக்கிய படத்தை ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கூர்மையாக்கும்போது கை சீக்கிரம் நிற்க வேண்டும். அளவு மீறினால் செவ்வாயின் ஓரத்தில் இல்லாத வெள்ளைக் கோடு முளைக்கும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு வீடியோக்களைத் தனித்தனியே செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருப்பதை நம்பலாம், ஒன்றில் மட்டும் இருப்பதை நம்ப வேண்டாம்.

9. கொசுவர்த்திச் சுருளைக் காற்று போகும் பக்கம் வையுங்கள். புகை குழாய்க்குள் போகக் கூடாது.

10. கண்ணாடியில் கொஞ்சம் தூசி இருந்தால் படம் கெடாது. அடிக்கடி துடைத்தால்தான் கெடும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிட்டு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டுக் கலந்த நீரில் நனைத்த பஞ்சைத் தன் எடையாலேயே நகரும்படி அழுத்தாமல் இழுங்கள். கடைசியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சாய்த்து நிறுத்தி உலர விடுங்கள். ஐபீஸ்களை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது.

11. சூரியன் வானில் இருக்கும்போது வெள்ளியைத் தேடிக் குழாயைத் திருப்பவே கூடாது. தவறிச் சூரியன் பக்கம் போனால் ஒரு நொடியில் பார்வை போய்விடும். பக்கத்தில் இருக்கும் சிறு தேடுநோக்கியும் அதே ஆபத்துதான். குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டுக்கும் மூடி போட்டே வையுங்கள்.

12. 2026 அக்டோபரில் சனியும், 2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் சூரியனுக்கு நேரெதிரே வருகின்றன. இரவு முழுவதும் கிடைக்கும் மாதங்கள் அவை.

13. வேலை முடிந்ததும் வீடியோக்களை உடனே அழித்துவிடாதீர்கள். 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவில் ஆண்டனி வெஸ்லி தன் வீட்டுத் தொலைநோக்கியில் வியாழனின் தென்துருவத்தருகே ஒரு கரும்புள்ளியைக் கண்டார். ஏதோ ஒன்று மோதிய தழும்பு அது, பெரிய ஆய்வகங்களுக்குச் செய்தி அவரிடமிருந்துதான் போனது. அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று வியாழனில் ஓரிரு நொடி மின்னிய ஒளியை அவரும் செபுவில் இருந்த கோவும் தனித்தனியே வீடியோவில் பிடித்திருந்தார்கள். இப்படி மின்னும் ஒளியைத் தேடித் தர டீடெக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ஒருமுறை ஓட்டிவிட்டு அழியுங்கள். கோப்பின் பெயரில் நாளையும் உலக நேரத்தையும் எழுதிவையுங்கள். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழிக்க வேண்டும், அதிகாலை 2.10 என்றால் முந்தைய நாள் 20.40.