ஃபார்மட் கடைசி வழி

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியபோது, எல்காட் வழியாக வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டு இயங்குதளங்கள் ஒரே டிஸ்க்கில் இருப்பது அப்போதே ஊர்ப்புற மாணவர்களுக்குப் பழகிவிட்டது. அதைப் பழுதுபார்க்கும் பழக்கம்தான் கூட வரவில்லை. ஜீயபுரத்திலிருந்து பஸ் ஏறி, திருச்சிக் கடையொன்றில் "பூட் ஆகல" என்று கொடுத்தால், பெரும்பாலும் முதலில் காதில் விழுவது ஃபார்மட். அது கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. பழைய பயாஸ் கணினியில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் 446 பைட் மட்டுமே துவக்க நிரலுக்கான இடம். விண்டோஸை மறுபடி போடும்போது அது அந்த இடத்தில் தன் நிரலை எழுதிவிடுகிறது. எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் கிரப் மெனு காணாமல் போகிறது. லினக்ஸ் பார்ட்டிஷனைத் தொடாமல் விட்டிருந்தால், அதிலுள்ள பாடக் குறிப்பும் ப்ராஜெக்டும் அப்படியேதான் இருக்கும். வாசல் அடைபட்டதற்காக வீட்டை இடிக்கத் தேவையில்லை.

எந்த வழியில் சரிசெய்வது என்பதைத் திரையே சொல்லிவிடும். மெனு வராமல் நேராக விண்டோஸ் வந்தால், பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினியில் முதலில் செட்டப்புக்குள் போய் பூட் வரிசையில் லினக்ஸை மேலே ஏற்றிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். போதாவிட்டால் லைவ் பென்டிரைவில் ஏறி, பூட்-ரிப்பேர் கருவியால் கிரப்பைத் திரும்பப் போடலாம். மெனு வந்து அதில் விண்டோஸ் மட்டும் இல்லையென்றால் பழுதே இல்லாமல் இருக்கலாம்: 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்கி மெனுவைப் புதுப்பித்தால் விண்டோஸ் வந்துவிடும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, செக்யூர் பூட் இயங்கிய பல கணினிகளில் பழைய லினக்ஸ்கள் ஏற மறுத்தன. அங்கே பழைய கிரப்பையே மறுபடி போட்டுப் பயனில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸைப் புதுப்பிக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால், செக்யூர் பூட்டை அணைக்கும் முன்பே மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்வது கட்டாயம்.

"லினக்ஸ் எனக்கு வேண்டாம், அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிட்டால் போச்சு" என்பார்கள். வேண்டாம் என்பது நியாயமான முடிவுதான், ஆனால் வரிசை முக்கியம். கிரப்பின் கோப்புகள் அந்தப் பார்ட்டிஷனில்தான் இருக்கின்றன. அதை முதலில் அழித்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து விண்டோஸும் நின்றுவிடும். முதலில் விண்டோஸ் பென்டிரைவில் ஏறி பூட்ரெக் கட்டளையால் அதன் துவக்க நிரலை மீட்க வேண்டும். யூஇஎஃப்ஐ என்றால் பூட் வரிசையில் விண்டோஸை மேலே ஏற்றினாலே போதும். அழிப்பது அதற்குப் பிறகு. ஃபார்மட் செய்தால் ஒரேயடியாகச் சரியாகிவிடும் என்பதும் உண்மைதான். இழக்க ஒன்றுமில்லாத கணினிக்கு அது பொருந்தும். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் எந்தப் பழுதுபார்ப்பும் வேண்டாம். கோப்புகளை வேறிடத்தில் நகலெடுப்பதுதான் முதல் வேலை. கடையில் கொடுப்பதாக இருந்தால், "கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்" என்று ஒரு சீட்டில் எழுதி லேப்டாப் மேல் ஒட்டிக் கொடுங்கள்.