இரண்டு சக்கரமும் ஒரு மணிக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

உன் அம்மா அனுப்பிய வீடியோ பெரியப்பாவுக்குக் கிடைத்தது. ஜேர்மனி ஹம் நகரில் காமாட்சி அம்பாள் தேருக்கு வந்த சனம் ஒரு பக்கம், கார் நிறுத்துமிடத்தில் வேவ்போர்டில் நீ ஒரு பக்கம். வளைவுகள் எல்லாம் அழகு. கடைசியில் அந்த மூன்று படி. பலகையோடு நீ பாய்ந்ததும், விழப்போய்த் தப்பியதும், இரண்டு உள்ளங்கையும் வெறுமையாகத் தரையை நோக்கி நீண்டதும் தெளிவாகத் தெரிகிறது. பெரியம்மா அந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பெரியப்பாவால் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இது ஏச்சுக் கடிதம் இல்லை, பயப்படாதே. "படியால பாயிறதா விடுறதா, நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தாய். முடிவு உன்னுடையதுதான். ஆனால் முடிவெடுக்கிற பிள்ளைக்குத் தன் காலடியில் இருக்கிற பலகை எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தள்ளாமலே ஓடும் பலகை என்ற யோசனை உன் வேவ்போர்டுக்கு முந்தியது. 1989 வாக்கில் தென்னாப்பிரிக்காவில் சில இளைஞர்கள் 'ஸ்னேக்போர்ட்' என்ற ஒன்றைச் செய்தார்கள். கால் வைக்கும் இரண்டு தட்டுகளும் தனித்தனியாகத் திரும்பும். தோளையும் பாதத்தையும் மாறி மாறி முறுக்கினால், காலால் தரையைத் தள்ளாமலே பலகை முன்னே போகும். வெளியில் இருந்து யாரும் தள்ளாமல் இது எப்படி ஓடுகிறது என்று கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு 1994இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார்கள். ரோபோக்களை நகர்த்தும் வழி தேடியவர்களுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் பாடமாகியது! ஆனால் ஸ்னேக்போர்டுக்கு நான்கு சக்கரம். அதை இரண்டாகக் குறைத்த பலகை 2000களின் தொடக்கத்தில் தென்கொரியாவில் இருந்து வந்தது. ஸ்லோவி நிறுவனம் அதை 'எஸ்போர்ட்' என்று விற்றது. பிறகு அமெரிக்காவில் ரேஸர் நிறுவனத்தின் 'ரிப்ஸ்டிக்' பெயர் பெற்றது. ஜேர்மனியில் வேவ்போர்ட் என்ற பெயரே நிலைத்து, பள்ளிக்கூட விளையாட்டுப் பாடம் வரைக்கும் போய்விட்டது. நீயும் அங்கேதான் பழகினாய் என்று உன் அம்மா சொன்னார்.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைக் கவனித்திருப்பாய். தள்ளுகிற திசைக்கு அது தானாகவே திரும்பிக்கொள்ளும். வேவ்போர்டின் இரண்டு சக்கரமும் அந்த வகைதான். ஒரே வித்தியாசம், அவற்றின் சுழல் அச்சு நேராக நிற்காமல் சாய்ந்திருக்கிறது. தட்டு ஒரு பக்கம் சரிந்தால் சக்கரமும் அந்தப் பக்கம் திரும்பும். உடற்பாரம் அதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். முன்தட்டையும் பின்தட்டையும் இணைக்கும் முறுக்குத் தண்டு, பாதங்கள் எதிரெதிராகச் சரிய இடம் கொடுக்கிறது. சக்கரம் பக்கவாட்டில் வழுக்காது. அதனால் இடமும் வலமுமாகக் கால் கொடுக்கும் தள்ளல் எல்லாம் முன்னோக்கிய ஓட்டமாக மாறுகிறது. சிறிய ஏற்றத்தில்கூட நீ கால் ஊன்றாமல் ஏறுவது இப்படித்தான்.

ஓடும்போது இவ்வளவு கெட்டித்தனம் காட்டும் அதே சக்கரம்தான் காற்றில் எழும்பியதும் ஆபத்தாகிறது.

சாதாரண ஸ்கேட்போர்டில் பாய்கிறவர்களைப் பார். 1970களின் கடைசியில் புளோரிடாவில் ஆலன் கெல்ஃபான்ட் என்ற பையன் கையால் பிடிக்காமலே பலகையோடு எழும்பப் பழகினான். அவனுடைய பட்டப்பெயரால் அந்தப் பாய்ச்சலுக்கு 'ஒல்லி' என்று பெயர் வந்தது. வளைந்த சுவரில் செய்த அதை 1980களின் தொடக்கத்தில் ராட்னி முல்லன் சமதரைக்குக் கொண்டுவந்தார். பலகையின் வாலைத் தரையில் அடித்தால் மூக்கு எழும்பும், முன்கால் அதை மேலே இழுக்கும், நான்கு சக்கரமும் நேராக நின்றபடி தரைக்குத் திரும்பும். அந்த நான்கும் அச்சில் பூட்டப்பட்டவை, காற்றில் தம் இஷ்டத்துக்குச் சுழலாது. உன் பலகையில் அப்படி அடிக்க நீண்ட வால் இல்லை. சக்கரங்களுக்குப் பூட்டும் இல்லை. நீ தரையைவிட்ட கணத்தில் முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் இன்னொரு பக்கமும் பார்க்கலாம். நேராக இறங்கினால் அவை தாமாகவே ஒழுங்காகிவிடும். சற்றுச் சரிந்து இறங்கினாலோ, ஒரு சக்கரம் குறுக்கே நின்று பலகையை மறித்துவிடும். பலகை நிற்கும், நீ நிற்கமாட்டாய். வீடியோவில் மூன்றாவது படிக்குக் கீழே நடந்தது அதேதான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பின்சக்கரம் குறுக்கே திரும்பியிருப்பது தெரியும்.

அப்படி விழும்போது எவரும் யோசிப்பதில்லை, கை தானாக நீளும். முழுப் பாரமும் மணிக்கட்டில் வரும். உன் வயதில் முன்கை எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கட்டைவிரல் பக்கத்து எலும்பின் நீள வளர்ச்சியில் முக்கால் பங்குக்குக் குறையாமல் மணிக்கட்டை ஒட்டிய முனையில்தான் நடக்கிறது. அடி விழுவதும் அதே இடத்தில்தான். அதைவிடப் பொல்லாதது கட்டைவிரலின் அடியில் இருக்கும் ஸ்கஃபாய்ட் என்ற சின்ன எலும்பு. அதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில் இருந்தே போகிறது. நடுவில் உடைந்தால் மற்றப் பாதி பட்டினி கிடக்கும். முதல் நாள் எக்ஸ்ரேயில் அந்த வெடிப்புத் தெரியாமலே போகலாம். அதனால்தான் கையை அசையாமல் கட்டி வைத்து 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுப்பது. எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த காலமெல்லாம் பெரியப்பா எல்லோரிடமும் மன்றாடியது இந்த இரண்டாவது படத்துக்காகத்தான். நோ குறைந்துவிட்டது என்று வராமல் விட்டவர்கள்தான் அதிகம்.

உன் அப்பாவின் வலக்கையைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. கியர் மாற்றும்போது அவர் முகம் ஒரு கணம் சுருங்குவதை நீயே பார்த்திருப்பாய். கை முறிந்த அன்றைக்கு ஊரடங்கு, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை என்று அப்பப்பா கடைசி வரைக்கும் சொன்னார். ஆனால் அன்றைக்குப் பஸ் ஓடியது. பெரியப்பாவே அதில் வீட்டுக்கு வந்த நாள் அது. வந்து பார்த்தபோது முறிவு வைத்தியர் மூங்கில் வைத்துக் கட்டி, நோவெண்ணெய் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வீக்கம் வற்றியதும் சுகமாகிவிட்டது என்று அப்பம்மா கோயிலில் பொங்கலும் வைத்தா. பல வருடம் கழித்துப் பெரியப்பாவே எடுத்த படத்தில் அந்த ஸ்கஃபாய்ட் இரண்டு துண்டாகவே இருந்தது. அப்பப்பாவைக் குறை சொல்லக்கூடாது என்று உன் அப்பா இன்றும் பேச்சை மாற்றுவார். சொல்லத்தான் வேண்டும். ஒரு பஸ்ஸும் இரண்டு படமும் காப்பாற்றியிருக்கக்கூடிய கை அது. இதை எழுதும்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். மணிக்கட்டுக் கவசம் போட்டால் கை விறைப்பாக இருக்கிறது, ஸ்டைலாக இல்லை என்று சொன்னாயாம். 1996இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் உருளுசப்பாத்து ஓடி அடிபட்டு வந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கவசம் போடாதவர்களுக்கு மணிக்கட்டுக் காயத்துக்கான வாய்ப்பு, போட்டவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு. முழங்கைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். அது வேறு சக்கரம் என்று நீ வாதாடலாம். ஆனால் கையை ஊன்றி விழுவதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

உனக்குப் பிடித்த ஸ்கை பிரவுனையே எடுத்துக்கொள். 2020இல் கலிஃபோர்னியாவில் பயிற்சியின்போது உயரத்தில் இருந்து விழுந்து மண்டையோட்டில் வெடிப்பு, இடது கையும் மணிக்கட்டும் முறிவு. தலைக்கவசம் இருந்தபடியால் உயிர் தப்பினாள். மறு வருடம் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 13 வயதில் வெண்கலம் வென்றாள், பிறகு பாரிஸில் 2024இலும். அவள் துணிச்சலை எல்லோரும் பேசுகிறார்கள். பெரியப்பாவுக்கு அந்தத் தலைக்கவசத்தைத்தான் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போது உன் முன்னால் இரண்டு வழி. ஒன்று, இந்தக் கோடையிலேயே படிகளில் பாய்ந்து பார்ப்பது. செய்யலாம், யாரும் உன் காலைக் கட்டி வைக்கமாட்டார்கள்.

மற்றது, இந்த வருடம் முழுவதும் சமதரையை உன்னுடையதாக்குவது. வேவ்போர்டின் உண்மையான அழகு அங்கேதான் இருக்கிறது என்பது பெரியப்பாவின் எண்ணம். போத்தல்களை வரிசையாக வைத்து நெளிந்து போவது, வரவரச் சிறுக்கும் வட்டம், முற்றாகக் குந்தியபடி ஓடுவது, ஓட்டத்திலேயே தரையில் கிடக்கும் பந்தை எடுப்பது, சிநேகிதியின் கையைப் பிடித்து இருவரும் ஒரே தாளத்தில் வளைவது. இடக்கால் முன்னே வைத்துப் பழகியதை வலக்காலுக்கு மாற்று, புதிதாகப் பழகுகிற பலகை மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு அரைச்சுற்றுத் திருப்பம். பலகை திரும்பும்போது சக்கரங்கள் குறுக்கே நிற்கிற அந்தக் கணத்தைப் பாதத்தால் அறியப் பழகினால், ஒரு நாள் படியிலும் உனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. எல்லாவற்றுக்கும் முதல், இறங்கப் பழகு. ஸ்னேக்போர்டில் கால்களைப் பிணைத்திருக்கும், உன்னுடையதில் பிணைப்பு இல்லை. பலகை மறித்தால் அதை விட்டுவிட்டு முன்னால் ஓடி இறங்கலாம். அதையும் மெதுவான வேகத்தில் பழகிப் பார், கால் பழகிவிட்டால் கை தரையைத் தேடாது.

மழை நனைத்த இலை, கல் பதித்த தெரு, தண்டவாளப் பள்ளம், மூன்றும் வேண்டாம். சக்கரத்தின் குறுக்களவு 7, 8 சென்ரிமீற்றர்தான், ஒரு சின்னக் கல் போதும் நிறுத்த. கார் ஓடும் தெருவில் இறங்கவே வேண்டாம். ஜேர்மன் சட்டப்படி உன் பலகை வாகனம் இல்லை, நடந்துபோகிறவர்களோடு நடைபாதையில்தான் அதற்கு இடம். எப்போதாவது விழுந்து, கட்டைவிரலின் அடிக் குழியில் நொந்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டாவது படத்தையும் நீயே கேட்டு வாங்கு. உன் அப்பா வேண்டாம் என்றால் உடனே பெரியப்பாவுக்குப் போன் போடு, எந்த நேரமானாலும்.

நிறையச் சொல்லியாகிவிட்டது. உன் அம்மாவிடம், பிள்ளையை ஏச வேண்டாம், பலகையை ஒளித்து வைக்கவும் வேண்டாம் என்று பேசியாகிவிட்டது. நம் குடும்பத்தில் இப்படிச் சக்கரத்தில் வளைந்து போக யாருக்கும் வந்ததில்லை. அந்த வீடியோவைப் பெரியப்பா அயலில் எல்லோருக்கும் காட்டியாயிற்று, படி வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி. பின்வீட்டுப் பெடியன் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுகிறான். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், தலை, நான்குக்கும் கவசம் பெரியப்பாவின் செலவு. எந்த நிறமானாலும் நீயே தெரிவு செய், விலை பார்க்காதே. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பலகையைக் கட்டாயம் கொண்டு வா. நம் ஒழுங்கைக்குப் புதுத் தார் போட்டிருக்கிறார்கள், ஒரு கல் இல்லை. காலையிலேயே கூட்டி வைப்பது பெரியப்பாவின் வேலை. பெரியம்மா எள்ளுப்பாகும் பனங்கட்டியும் பொதி செய்து அனுப்பியிருக்கிறார், தம்பிக்கும் கொஞ்சம் கொடு.

அன்பு முத்தங்களுடன்,
பெரியப்பா