தத்து மனுவில் முதலில் பார்க்க வேண்டியது சம்மதத்தை

அமெரிக்காவில் புரோபேட் நீதிமன்றம் என்றாலே உயில், வாரிசுரிமை, இறந்தவர் விட்டுப்போன கடன் இவைதான் நினைவுக்கு வரும். அதனால் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க நினைப்பவர்களில் பலருக்கு, மனுவை அங்கே கொடுக்க வேண்டும் என்பதே நம்பும்படியாக இல்லை. விவாகரத்தும் குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கும் வேறு நீதிமன்றங்களில் நடப்பதைப் பார்த்து, தத்தும் அங்கேதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒஹாயோவின் 88 கவுண்டிகளிலும் தத்து மனு புரோபேட் நீதிமன்றத்துக்குத்தான் போகிறது. மனுதாரர் குடியிருக்கும் கவுண்டி, குழந்தை பிறந்த கவுண்டி, குழந்தையோ அதைப் பெற்றவரோ வசிக்கும் கவுண்டி என்று எங்கே கொடுக்கலாம் என்பதற்குச் சட்டம் தாராளமாகவே இடம் தருகிறது. 18.0 என்று எண்ணிட்ட மனுப் படிவம் அந்த நீதிமன்றத்திலேயே கிடைக்கும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, இனி வைக்கப்போகும் பெயர் இவற்றோடு குழந்தைக்குச் சொத்து இருக்கிறதா, அதன் மதிப்பு எவ்வளவு என்பதையும் மனுவில் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்கு என்ன சொத்து என்று தோன்றலாம். பாட்டனார் எழுதிவைத்த பங்கு இருக்கலாம், விபத்தில் இறந்த தகப்பனுக்காக வந்த இழப்பீடு இருக்கலாம். யார் யாருக்கு வாரிசு என்பதையே தத்து உத்தரவு மாற்றி எழுதுவதால், வாரிசு விவகாரம் பார்க்கும் நீதிமன்றம் இதையும் பார்ப்பதில் பொருத்தம் இருக்கிறது. அமெரிக்காவின் முதல் நவீனத் தத்துச் சட்டம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் 1851ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் சட்டமும் மனுவைப் புரோபேட் நீதிபதியிடம்தான் கொடுக்கச் சொன்னது.

அந்தப் பழைய சட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் இன்றைய குழப்பங்கள் பாதி தெளியும். பெற்றவர்களின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், கணவன் மனைவி சேர்ந்து மனுச் செய்ய வேண்டும், குழந்தைக்கு 14 வயது ஆகியிருந்தால் அதன் சம்மதமும் வேண்டும், இத்தனைக்கும் பிறகு அந்தக் குடும்பம் தகுதியானதுதான் என்று நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும் என்றது அது. தத்தெடுப்பவரின் ஆசைக்கு முன்னால் யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதை வைத்த சட்டம் அது. இன்றைய ஒஹாயோ சட்டமும் அந்த வழியில்தான் வருகிறது. இந்த மனு விஷயத்தில் பரவியிருக்கும் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன என்பது என் எண்ணம். தத்து என்பதைப் புதிதாக ஓர் உறவு தொடங்குவதாக மட்டும் பார்க்கிறோம். நீதிமன்றமோ ஏற்கெனவே இருக்கும் ஓர் உறவு சட்டத்தின் கண்ணில் முடிவதாகவும் பார்க்கிறது. அந்த முடிவால் பாதிக்கப்படுபவர் கேட்கப்பட்டாரா என்பதுதான் அதன் முதல் கேள்வி.

இரண்டு குடும்பமும் மனமொத்து எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கிவிட்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. தமிழ்க் குடும்பங்களில் இது இன்னும் அழுத்தமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி, தகுதியுள்ளவர்கள் குழந்தையைக் கொடுக்க, தகுதியுள்ளவர்கள் வாங்கிக்கொள்வதுதான் தத்தின் உயிர்நாடி. முறைப்படி பதிவு செய்த பத்திரம் இருந்தால், மறுத்து நிரூபிக்கப்படும் வரை நீதிமன்றம் அந்தத் தத்தைச் செல்லும் என்றே எடுத்துக்கொள்ளும். சார்பதிவாளர் அலுவலகத்தோடு வேலை முடிந்தது என்ற பழக்கம் அங்கிருந்து வருவது. அமெரிக்கா சுவீகரித்துக்கொண்ட ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் தத்து என்ற ஒன்றே கிடையாது. இங்கிலாந்திலேயே 1926இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. ஆகவே ஒஹாயோவில் தத்து முழுக்க முழுக்க எழுதிய சட்டத்தின் படைப்பு. அதில் சொன்ன படிகளில் ஒன்று விடுபட்டாலும், எவ்வளவு பாசத்தோடு எத்தனை வருடம் வளர்த்திருந்தாலும், சட்டப்படி அந்தக் குழந்தை இன்னொருவர் பிள்ளைதான்.

விடுபடுவது பெரும்பாலும் தகப்பனின் பக்கம். மறுமணம் செய்துகொண்ட ஒரு தாயின் கணவர், அவளுடைய பிள்ளையைத் தத்தெடுக்க மனுச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெற்ற தகப்பன்தான் எப்போதோ போய்விட்டாரே, அவரிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்பதுதான் வழக்கமான எண்ணம். சட்டம் இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்து வைக்கிறது. ஒன்று, அவருடைய சம்மதம் தேவையா என்பது. மனுவுக்கு முந்தைய ஒரு வருடம் முழுவதும், தகுந்த காரணம் இல்லாமல், பிள்ளையோடு பெயரளவுக்கு மேல் தொடர்பு வைத்திருக்காவிட்டாலோ, செலவுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டதைக் கொடுக்காவிட்டாலோ சம்மதம் தேவையில்லை என்று தீர்மானிக்கலாம். மற்றது, அவருக்குத் தெரிவிப்பது. சம்மதம் தேவையில்லை என்று மனுதாரர் சொல்லும்போதும், அவருக்கு நோட்டீஸ் போயாக வேண்டும், அதுவும் விசாரணைக்குக் குறைந்தது 20 நாள் முன்பு. நோட்டீஸ் கிடைத்தவர் 14 நாளுக்குள் ஆட்சேபம் தாக்கல் செய்யாவிட்டால் அதற்குப் பிறகு அவர் சம்மதம் தேவைப்படாது. முகவரி தெரியாது என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. கடைசியாக இருந்த வீடு, வேலை பார்த்த இடம், அவருடைய பெற்றோர் வீடு என்று நியாயமான அளவுக்குத் தேடிப் பார்த்ததாகப் பிரமாணப் பத்திரம் கொடுத்த பிறகுதான் செய்தித்தாளில் விளம்பர நோட்டீஸ் போட வழி திறக்கும்.

அந்த ஒரு வருடக் கணக்கும் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யும் விஷயம் இல்லை. தகப்பன் தவறினார் என்பதை நிரூபிக்கும் சுமை மனுதாரருடையது. பெற்றவரின் உரிமையை அடியோடு நீக்குவதற்குத் தெளிவான, ஐயத்துக்கு எளிதில் இடம் கொடாத சான்று வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் ஒரு நியூயார்க் வழக்கில் விதித்தது. ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1985இல் இன்னொன்றையும் சொன்னது: பிள்ளையை வைத்திருப்பவரே தொடர்பைப் பெருமளவு தடுத்திருந்தால், தொடர்பில்லாமல் போனதற்கு அதுவே தகுந்த காரணமாகலாம். தகப்பனின் எண்ணை முடக்கிவிட்டு, அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு வருடமாக அவர் எட்டிப் பார்க்கவில்லை என்று மனுவில் எழுதுபவரின் வழக்கு இந்த இடத்தில்தான் தடுமாறும். இதையெல்லாம் தாண்டினாலும் தத்து கிடைத்துவிட்டதாக ஆகாது. பிள்ளையின் நலனுக்கு இது உகந்ததா என்பது அடுத்து வரும் தனிக் கேள்வி.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. பிறந்தநாள் முதல் திரும்பிப் பார்க்காத ஒருவருக்காக, வளர்க்கும் மனிதரையே அப்பா என்று அழைக்கும் குழந்தை ஏன் காத்திருக்க வேண்டும்? நியாயமான கேள்விதான், சட்டமும் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது. தாயை மணக்காத, தந்தைமையைச் சட்டப்படி நிறுவிக்கொள்ளாத ஆணுக்கு ஒஹாயோ ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. குழந்தை பிறந்து 15 நாளுக்குள் அவர் அதில் தன் பெயரைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் அவர் சம்மதம் தேவையில்லாமல் போகும். குழந்தை பிறந்ததே தெரியாது என்று பின்னால் சொல்வதால் பொதுவாகப் பயன் இருக்காது. இத்தகைய பதிவேடு செல்லுமா என்ற கேள்வி லெர் எதிர் ராபர்ட்சன் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அதுவும் ஒரு மாற்றாந்தந்தை தத்தெடுத்த வழக்குதான். இரத்த உறவு மட்டும் போதாது, தகப்பனாக நடந்துகொள்ளும் வாய்ப்பைப் பற்றிக்கொண்டவருக்குத்தான் அரசியல் சட்டப் பாதுகாப்பு என்று 1983இல் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. ஆக, காணாமல் போனவருக்குச் சட்டம் சலுகை காட்டுகிறது என்பதும் சரியில்லை. அவர் எவ்வளவு நாளைக்குள் முன்வர வேண்டும் என்று அவருக்கும் கெடு வைக்கிறது. அந்த 15 நாள் கெடு மிகக் குறுகியது என்று நான் கருதுகிறேன். ஆனால் குழந்தையின் வயதை மாதங்களில் எண்ணும் பருவத்தில் ஏதாவது ஒரு கெடு இல்லாமல் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெற்ற தாயைப் பற்றிய நம்பிக்கை இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்கிறது. பெற்றவள் எப்போது வேண்டுமானாலும் வந்து குழந்தையைத் திரும்பக் கேட்கலாம் என்ற பயத்தில் தத்தெடுப்பையே தள்ளிப்போடும் தம்பதியர் இருக்கிறார்கள். குழந்தை பிறந்து 72 மணி நேரம் ஆவதற்கு முன் தாய் கொடுக்கும் சம்மதம் ஒஹாயோவில் செல்லாது. பிரசவ வலியின் களைப்பிலும் மருந்தின் மயக்கத்திலும் ஒரு பெண்ணிடம் கையெழுத்து வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த மூன்று நாள் அது. முறையாகக் கொடுத்த பிறகு, மனம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது. உத்தரவு வருவதற்கு முன்பே விண்ணப்பித்து, திரும்பப் பெறுவது குழந்தையின் நலனுக்கு உகந்தது என்று விசாரணையில் நீதிபதியை ஏற்கச் செய்ய வேண்டும். கையெழுத்தை வாங்கும்போது காட்டும் கண்டிப்புதான் பிறகு அதற்கு உறுதியைத் தருகிறது. குழந்தைக்கு 12 வயது கடந்திருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். குழந்தையின் நலன் கருதித் தேவையில்லை என்று நீதிமன்றம் முடிவெடுத்தால் மட்டுமே விலக்கு.

மற்ற சில நம்பிக்கைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனியாக வாழும் வயது வந்தவரும் தத்தெடுக்கலாம். சொந்த வீடு வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. வளர்க்கப் போதிய வசதியும் தகுதியும் இருந்தால் போதும். வீட்டில் உள்ள வயது வந்தவர்கள் எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை நடக்கும். முன்பின் அறியாத ஒருவரின் குழந்தையை, தெரிந்தவர் மூலம் பேசி ஏற்பாடு செய்துகொள்ள முடியாது. உரிமம் பெற்ற நிறுவனமோ வழக்கறிஞரோதான் ஏற்பாடு செய்யலாம். மாற்றாந்தந்தை, மாற்றாந்தாய், தாத்தா பாட்டி போன்றவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. பெற்ற தாய்க்குக் கொடுக்கும் பணம் சட்டம் பட்டியலிட்ட செலவுகளுக்குள் அடங்க வேண்டும், அதற்கு நீதிமன்றத்தில் கணக்குக் காட்ட வேண்டும். இந்தக் கணக்கைத் தொல்லை என்று முணுமுணுப்பவர்கள், குழந்தைக்கு விலை பேசும் தரகர்களும் உண்டு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுத் தமிழர்களை நேரடியாகத் தொடுவது இன்னொரு நம்பிக்கை. ஊரிலிருக்கும் தம்பி மகனைச் சுற்றுலா விசாவில் கொலம்பஸுக்கு அழைத்து வந்து, கவுண்டி நீதிமன்றத்தில் தத்தெடுத்தால் கிரீன் கார்டு தானாக வந்துவிடும் என்பது அது. புரோபேட் நீதிபதிக்குக் குடியேற்றத்தில் எந்த அதிகாரமும் கிடையாது. குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு, பொதுவாக 16 வயதுக்குள் தத்தெடுத்திருக்க வேண்டும், இரண்டு வருடம் சட்டப்படியான பொறுப்பில் வைத்துச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. அதற்கும் மேலே, இந்தியாவும் அமெரிக்காவும் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இருக்கின்றன. அமெரிக்காவில் அது 2008 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அமெரிக்கக் குடிமக்கள் இந்தியாவில் வாழும் குழந்தையைத் தத்தெடுப்பதானால், உறவுக்காரக் குழந்தையே ஆனாலும், காரா என்று அழைக்கப்படும் மத்திய ஆணையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் ஒஹாயோ உத்தரவை வாங்கிவிட்டுப் பிறகு விசாவுக்கு அலைபவர்கள், பிள்ளையைச் சட்டப்படி தங்களுடையவனாக்கிக்கொண்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் தவிக்க நேரிடும். ஊரில் இருக்கும் பெற்றோரின் உறவோ அதற்குள் சட்டப்படி அறுந்திருக்கும்.

தத்து முடிந்ததும் பழைய பிறப்புச் சான்று அழிக்கப்படும் என்பதும் உண்மையில்லை. புதிய பெற்றோர் பெயரோடு புதிய சான்று வரும், பழையது முத்திரையிட்டுக் காப்பில் வைக்கப்படும். 1964 ஜனவரி 1 முதல் 1996 செப்டம்பர் 18 வரை தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பழைய சான்றைக் கேட்டு வாங்கும் உரிமையை ஒஹாயோ 2015 மார்ச் மாதத்தில் கொடுத்தது. தங்களைப் பெற்றவர் பெயரை நடுத்தர வயதில் முதன்முதலாகத் தாளில் படித்தவர்கள் இதனால் உண்டு. உத்தரவின் உறுதியும் இதேபோல் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. குறித்த கெடு கடந்த பிறகு, மோசடி நடந்தது என்று சொல்லிக்கூட யாரும் பொதுவாக அதைக் கேள்வி கேட்க முடியாது. ஒரு முக்கியமான விதிவிலக்கு மாற்றாந்தந்தை, மாற்றாந்தாய் வழக்குகளுக்கு வைக்கப்பட்டிருக்கிறது: மனுதாரரோ அவருடைய துணையோ செய்த மோசடி இல்லாவிட்டால் உத்தரவே கிடைத்திருக்காது என்றால், கெடு கடந்த பிறகும் அந்தத் தத்தை எதிர்க்கலாம். முன்னாள் கணவரின் முகவரி கைபேசியில் இருக்கும்போதே தெரியவில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்திடுபவர், தன் பிள்ளையின் புதிய குடும்பப் பெயரைத்தான் அந்த இடத்தில் பணயம் வைக்கிறார்.