விண்ணப்பத்தை யார் எழுத வேண்டும்?

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு,

ஃபெஞ்சல் புயலின்போது உங்கள் குப்பத்து இளைஞர் குழு செய்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, முடிவில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அரசு விருதுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள் சிலர். செய்ததைச் சொல்லிக்காட்டுவது நமக்கு அழகல்ல என்கிறார்கள் பெரியவர்கள். யார் பேச்சைக் கேட்பது? இந்தத் தயக்கம் பல ஊர்களில் இருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த விருதுகள் எதைப் பார்க்கின்றன, எதைப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

உங்கள் வயதுக்கு முதலில் பொருந்துவது முதலமைச்சர் மாநில இளைஞர் விருது. 15 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களில் 3 ஆண்கள், 3 பெண்களுக்குச் சுதந்திர தினத்தன்று தருகிறார்கள். ரூ.1 லட்சம் ரொக்கம், பாராட்டுப் பத்திரம், பதக்கம். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38, விருது 6. கிடைக்காமல் போனால் உங்கள் வேலை குறைந்ததாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

இந்த விருது தனி ஆளுக்கானது. புயல் வேலை அப்படி நடப்பதில்லை. ஒருவர் படகை இறக்குகிறார், நான்கு பேர் கயிறு பிடிக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவர்களுக்குப் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள். அந்தப் பெண்களில் பலர் 35 வயதைத் தாண்டி, உப்பு வாரிக் கை காய்த்தவர்கள். விதிப்படி அவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. ஆகவே யார் பெயர் போனாலும், கிடைக்கும் பணம் குழுவின் பொதுப் பணம் என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். விருது வந்த பிறகு பேசினால் குழு உடையும்.

விதிகளில் இரண்டைக் கவனியுங்கள். செய்த தொண்டு கண்டறியவும் அளவிடவும் கூடியதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. விண்ணப்பிப்பவருக்கு உள்ளூர் மக்களிடம் இருக்கும் செல்வாக்கைக் கணக்கில் எடுப்போம் என்பது இன்னொன்று. இரண்டாவது நல்ல விதி. முதலாவதுதான் நம் கரைக்குச் சிக்கல். நட்ட மரத்தை எண்ணலாம், கொடுத்த ரத்தத்தை எண்ணலாம். வராமல் தடுத்த சாவை எப்படி எண்ணுவது?

உங்களுக்குத் தெற்கே, புதுச்சேரியைத் தாண்டி நல்லவாடு இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் தொடங்கி, கடல் அலையின் உயரத்தையும் காற்றின் நிலையையும் ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்லும் ஏற்பாட்டைச் செய்திருந்தது. ஊர்க்காரர்களே தன்னார்வத்தில் அதைப் பார்த்துக்கொண்டார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். இங்கிருந்தவர்கள் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேர் கொண்ட ஊர் தப்பியது. அந்த அறிவிப்புக்கு முன்னால், தினமும் காலையில் அலை உயரத்தைச் சொல்லி ஊரைக் கேட்கப் பழக்கியவர்களின் தொண்டினை எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பேரிடர்ப் பணிக்கென்றே மத்திய அரசு 2019 முதல் சுபாஷ் சந்திர போஸ் பெயரில் ஒரு விருது தருகிறது. நிறுவனத்துக்கு ரூ.51 லட்சம், தனிநபருக்கு ரூ.5 லட்சம். முதல் விருது தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஒரு பட்டாலியனுக்குப் போனது. 2023இல் ஒடிசா மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் மிசோரமின் லுங்லே தீயணைப்பு நிலையமும் பெற்றன. 2025இல் ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் பெற்றது. சுனாமி எச்சரிக்கை அங்கிருந்துதான் வருகிறது, தகுதியான நிறுவனம்தான். ஆனால் எச்சரிக்கை குப்பத்துக்கு வந்த பிறகு, வீட்டை விட்டு வர மறுக்கும் பாட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் ஊர்க்காரர். 2025 வரையிலான பட்டியலில் ஒரு மீனவர் குழு கூட இல்லை.

பெரியவர்கள் சொல்வதற்கு வருகிறேன். அவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. செங்கம் பக்கத்தில் கிடைத்திருக்கும் நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, யாருடைய ஆள், என்ன செய்து மாண்டான் என்பதெல்லாம் பொறித்திருக்கும். அந்த வீரன் விண்ணப்பிக்கவில்லை, பிறர் கல் நட்டார்கள். செய்தவன் வாய்மூடி இருக்கலாம். பயன் பெற்றவர்கள் வாய்மூடி இருப்பதற்கு நம் மரபில் இடமில்லை.

பிரிட்டனில் இதையே விதியாக வைத்திருக்கிறார்கள். 2002இல் அரசி எலிசபெத்தின் பொன்விழாவையொட்டித் தொடங்கி, இப்போது மன்னர் பெயரில் தரும் தன்னார்வச் சேவை விருது குழுக்களுக்கு மட்டுமே உரியது. குழு தன்னைத் தானே பரிந்துரைக்க முடியாது. வெளியே இருப்பவர் எழுத வேண்டும், வேறு இரண்டு பேர் ஆதரவுக் கடிதம் தர வேண்டும், உள்ளூர் மதிப்பீட்டாளர்கள் வந்து பார்ப்பார்கள். பணம் கிடையாது. பணம் இல்லாததை நான் பாராட்ட மாட்டேன், அதன் காரணம் உங்கள் கரையிலேயே இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மரக்காணம் பாத்திகளில் நன்னீர் ஏறிவிடும். உப்பு விளையாது, கூலி இல்லை. புயலில் கடலுக்கும் போக முடியாது. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தபோது, உங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. புயல் வரும் மாதங்களும் வருமானம் நிற்கும் மாதங்களும் இங்கே ஒன்றுதான். வேலையில்லாத மழைக்காலத்துக்காக உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு ரூ.5,000 நிவாரணம் தருகிறது. அந்தப் பணத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு, அடுத்தவர் வீட்டுக்குச் சோறு தூக்கிப்போகிறவர்களைத்தான் நாம் தன்னார்வலர் என்கிறோம். சம்பளம் வருகிறவரின் ஓய்வு நேரத் தொண்டுக்கும் இதற்கும் ஒரே தராசு பொருந்தாது.

பதக்கம் வயிற்றை நிரப்பாது என்பதற்குச் சின்னப்பிள்ளை அம்மாவை விடப் பெரிய சாட்சி வேண்டாம். களஞ்சியம் இயக்கத்தில் ஏழைப் பெண்களைச் சேமிக்கப் பழக்கியவர். விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நாடே பார்த்தது. 2019இல் பத்மஸ்ரீ வந்தது. ஆனால் வீடில்லாத குறையை அவர் வெளியே சொன்ன பிறகுதான், 2024இல் தமிழக முதல்வர் அவருக்கு வீடு கட்டித் தருவதாக அறிவித்தார்.

ஆகவே மூன்று வேலைகள். முதலாவது, இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த நாள், எந்தத் தெரு, யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். சமைத்த பெண்களின் பெயர் முதலில் வரட்டும். அளவிடச் சொல்கிறவர்களுக்கு அதுதான் பதில்.

இரண்டாவது, கிராமசபைக்குப் போங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராமசபையில், நன்றாகச் செயல்படும் மகளிர் குழுக்களைப் பாராட்டும் வழக்கம் வந்திருக்கிறது. உங்கள் ஊராட்சியில் புயல் வேலை செய்தவர்களையும் சேர்த்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். பக்கத்துக் குப்பத்துக் குழுவுக்காக நீங்கள் பேசுங்கள், உங்களுக்காக அவர்கள் பேசட்டும். அந்தத் தீர்மான நகலை விட நல்ல பரிந்துரைக் கடிதம் எந்த விருதுக்கும் கிடையாது.

மூன்றாவது, அதே தீர்மானத்தில் உயிர்காப்பு மேலாடை, நல்ல கயிறு, டார்ச், மீட்புக்குப் போகிறவர்களுக்குக் காப்பீடு ஆகியவற்றையும் கேளுங்கள். 2018 கேரள வெள்ளத்தில் மீட்புக்குப் போன மீனவர்களின் படகு ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு ரூ.3,000 தருவதாக அந்த அரசு அறிவித்தபோது, உயிர் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்றவர்கள் உண்டு. ஆனால் சேதமான படகைப் பழுது பார்த்துத் தருவது கூலி ஆகாது. அது அரசின் கடமை.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். கடலோர மாவட்டம் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு குழுவுக்காவது விருது வையுங்கள். வயது வரம்பு வேண்டாம். பரிந்துரை கிராமசபையிலிருந்து வரட்டும். பரிசை மீட்புக் கருவிகளாகத் தாருங்கள்.

தம்பி, உங்கள் பெயரை எழுதக் கூச்சமாக இருந்தால் எழுத வேண்டாம். உங்களோடு உழைத்த இன்னொருவர் பெயரை எழுதுங்கள். அதற்குக் கூச்சப்பட உங்களுக்கு உரிமை இல்லை.