கோபுரத்து விளக்கைப் பார்க்க வருகிறவர்களுக்கு

பழைய எட்சிங் படங்களைப் படித்துக் கட்டுரை எழுதப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் வரிசை இது: முதலில் கண், பிறகு கை, கடைசியில் காலம். இங்கிலாந்தின் ஓவியர் சாமுவேல் பால்மர் 1879இல் செய்த 'தனிமைக் கோபுரம்' என்ற படத்தை வைத்தே சொல்கிறேன்.

1. விளக்கக் குறிப்பைப் படிக்குமுன் படத்தைப் பாருங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். குன்றின்மேல் கோபுரம், அதில் ஒரு விளக்கு. தாழ்வானில் பிறை. நட்சத்திரங்கள். ஆந்தை. மாட்டுவண்டி. மேலே அண்ணாந்து பார்க்கும் இரண்டு இடையர்கள். 'சோகம்', 'ஏக்கம்' போன்ற சொற்களுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

2. எட்சிங்கின் செய்முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் தங்கும் மைதான் தாளில் பதியும். வெளிச்சத்துக்கென்று தனி மை கிடையாது. அந்த விளக்கும் பிறையும் வெறும் தாள்! சுற்றிலும் கோடுமேல் கோடாக இருட்டை நெய்து அந்தத் துளி வெள்ளையைப் பால்மர் காப்பாற்றியிருக்கிறார். அவர் வாழ்நாளில் முடித்தவை 13 தகடுகளே.

3. தகட்டில் வரைந்தது தாளில் இடம் வலமாக மாறி விழும். பிறையின் முகத்தையும் மலையின் திசையையும் வைத்து முடிவுகட்டுமுன் இதை நினையுங்கள்.

4. படத்துக்குப் பின்னால் ஒரு நூல் இருந்தால் அதைப் படியுங்கள். இதற்கு வேர், ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'இல் பென்செரோசோ' என்ற கவிதை. அதில் ஒருவன் கோபுரத்தில் விளக்கேற்றி இரவு முழுக்கப் படிக்க விரும்புகிறான். படத்தின் வானத்திலுள்ள நட்சத்திரக் கூட்டம், கவிதையிலும் வரும் சப்தரிஷி மண்டலம் என்பது அப்போதுதான் பொருள்படும்.

5. வாழ்க்கையைச் சொல்லுங்கள், அதையே விடையாக்காதீர்கள். 1861இல் பால்மரின் மூத்த மகன் 19 வயதில் லீத் ஹில் என்ற குன்றின் அருகே இறந்தான். படத்திலுள்ள கோபுரம் அந்தக் குன்றின் கோபுரத்தை நினைவூட்டுகிறது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனாலும் 'இது மகனுக்கு எடுத்த நினைவுச்சின்னம்' என்று எழுதி முடித்துவிட்டால், மில்டனும் இடையர்களும் எங்கே போவார்கள்?

6. படத்தில் இல்லாததையும் தேடுங்கள். பால்மர் அப்போது வாழ்ந்த ரெட்ஹில், ரயிலால் வளர்ந்த ஊர். 1879இல் ஓயாத மழையில் இங்கிலாந்தின் விளைச்சல் பாழானது. இரண்டின் சுவடும் படத்தில் இல்லை. நாட்டு நடப்பு அறியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். 1832 தேர்தலின்போது வாக்காளருக்குத் துண்டுநூல் எழுதியவர் அவர். தெரிந்தே விலக்கினார்.

7. ஒரு படத்துக்கு இரண்டு காலம் உண்டு: செய்த காலம், கனவு கண்ட காலம். 1820களில், இளைஞராக, ஷோரம் என்ற கிராமத்தில் அவர் கண்ட நிலவும் மேய்ப்பரும்தான் எழுபதைத் தாண்டிய கிழவரின் ஊசிமுனையில் திரும்பி வந்தார்கள். இரண்டு காலத்தையும் எழுதுங்கள்.

8. கட்டுரை முடிந்ததும் மறுபடி படத்தின்முன் நில்லுங்கள். கோபுரத்து விளக்கு முன்னிலும் தெளிவாகத் தெரிந்தால் நீங்கள் எழுதியது சரி. மங்கலாகத் தெரிந்தால், தயங்காமல் முதல் வரியிலிருந்து திருப்பி எழுதுங்கள்.